வெயில் ஏறினாலும் கடல் உடனே இளகாது

தூண்டில் போட விரும்புவோரைக் கரையோரக் கடலுக்குப் படகில் அழைத்துச் செல்வது என் தொழில். குளிர் விலகி வெயில் ஏறத் தொடங்கும் வாரங்களில் வருபவர்கள் பெரும்பாலும் ஒரே தவற்றைச் செய்கிறார்கள்: காற்றின் வெம்மையை வைத்துக் கடலையும் கணித்துவிடுகிறார்கள். ஒரு கன மீட்டர் காற்றைச் சூடாக்குவதைவிட அதே அளவு நீரைச் சூடாக்க 3,000 மடங்குக்கும் மேலான வெப்பம் தேவைப்படுவதால், கடல் எப்போதும் பல வாரங்கள் பின்தங்கியே பருவம் மாறுகிறது.

பெரும்பாலான மீன்களின் உடல் வெப்பம் சுற்றியுள்ள நீரின் வெப்பமே. நீர் குளிர்ந்திருந்தால் செரிமானம் மந்தமாகும். இரையைத் துரத்தும் ஊக்கமும் குறையும். ஆகவே நான் தேதியை நம்புவதில்லை, படகில் கட்டியிருக்கும் வெப்பமானியை நம்புகிறேன். பருவத் தொடக்கத்தில் விடியற்காலையைவிடப் பிற்பகலே பலன் தருகிறது என்று சொன்னால், அதிகாலையில் எழுந்து பழகியவர்கள் ஏற்கத் தயங்குவார்கள். ஆனால் நண்பகல் வெயிலில் காய்ந்த சேற்றுத் திட்டின் மீது ஏறும் ஓதநீர் (கடலேற்றத்தில் பெருகி வரும் நீர்) அங்கே சூடேறி, வற்றத்தில், அதாவது கடல் பின்வாங்கும் நேரத்தில், சிற்றோடைகள் வழியாக இறங்கி வரும்போது, அந்த ஓடை வாயில் சிறு மீன்களும் அவற்றைத் தேடிப் பெரிய மீன்களும் கூடுவதை ஆண்டுதோறும் பார்க்கிறேன். குளிர் தொடங்கும் பருவத்தில் இது தலைகீழாகும். தெளிந்த வானமுள்ள ஓர் இரவே ஆழமற்ற பகுதியைக் குளிர்வித்துவிடுவதால், மீன்கள் ஆழமான கால்வாய்க்கு நகர்கின்றன.

மழைக்குப் பின் கழிமுகம் கலங்கியிருப்பதைக் கண்டு திரும்பிவிடவும் வேண்டாம். நன்னீர் உப்புநீரைவிட இலேசானது என்பதால் கலங்கல் மேலே மிதக்க, அடியில் தெளிந்த உப்புநீர் தங்கியிருப்பதுண்டு. ஈயக்குண்டைச் சற்றுக் கூட்டி இரையை அந்த அடுக்குக்கு இறக்கினால் போதும்.

மீன் கிடைக்காமல் போவது சிறு இழப்பு. 15 பாகை செல்சியசுக்குக் குறைந்த நீரில் திடீரென விழுபவர் தம்மையறியாமல் மூச்சை இழுத்து, முதல் சில நிமிடங்கள் மூச்சைக் கட்டுப்படுத்த இயலாமல் திணறுவார். நன்றாக நீந்தத் தெரிந்தவருக்கும் இது விலக்கல்ல. வெயில் சுட்டெரிக்கிறது என்று உயிர்காப்பு உடையைக் கழற்றுபவரை நான் படகில் ஏற்றுவதில்லை. நிலத்திலிருந்து கடல் நோக்கி வீசும் காற்றும் ஏமாற்றும்: கரையருகே நீர் தட்டையாகத் தெரியும், ஆனால் வெளியே போகப் போக அலை உயரும், திரும்பி வரும்போது காற்று எதிரே நிற்கும்.

முகத்துவாரத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஓதம் வலுக்கும். மார்ச், செப்டம்பரில் பகலும் இரவும் சமமாகும் நாட்களை அடுத்து அது மேலும் வலுக்கும். ஆறு மணி நேரம் வற்றும் நீரில் ஏறத்தாழப் பாதி, மூன்றாம் நான்காம் மணிகளிலேயே வெளியேறுகிறது. அந்நேரத்தில் கடலிலிருந்து காற்று எதிர்த்து வீசினால், அலைகள் செங்குத்தாகி வாயிலிலேயே உடையும். அப்படியொரு நாளில் வாயிலைக் கடக்க மறுத்து, வற்றம் தணியும்வரை உட்புறத்திலேயே நங்கூரமிட்டுக் காத்திருந்தேன். பாதிக் கட்டணத்தைத் திருப்பிக் கேட்டார் ஒருவர், கொடுத்தனுப்பினேன்.