மூளையுறை அழற்சித் தடுப்பூசி: அட்டவணைக்கு உள்ளே மூன்று, வெளியே ஒன்று

இரண்டு மாதக் குழந்தையைத் தடுப்பூசிக்குத் தூக்கிச் செல்லும் பெற்றோர், “இதில் மூளைக்காய்ச்சலுக்கும் சேர்த்துத்தானே?” என்று தாதியிடம் கேட்பதுண்டு. அதற்கு ஆம் என்றும் சொல்லலாம், இல்லை என்றும் சொல்லலாம். மூளையையும் தண்டுவடத்தையும் போர்த்தியிருக்கும் சவ்வு அழற்சியுறுவதே, பேச்சில் மூளைக்காய்ச்சல் எனப்படும் மூளையுறை அழற்சி. அதை உண்டாக்கும் கிருமிகள் பல. கிருமிக்குக் கிருமி தடுப்பூசியும் வேறு.

சிங்கப்பூரின் தேசியக் குழந்தைப் பருவத் தடுப்பூசி அட்டவணையில் மூன்று கிருமிகளுக்கு எதிரான பாதுகாப்பு ஏற்கெனவே இருக்கிறது. பிறந்தவுடன் போடப்படும் பிசிஜி, பச்சிளம் பிள்ளைகளின் மூளையுறையைத் தாக்கும் காசநோயிலிருந்து காக்கிறது. ஹிப் எனப்படும் கிருமிக்கான மருந்து தனி ஊசியாக வருவதில்லை. 2, 4, 6, 18ஆம் மாதங்களில் தொண்டை அடைப்பான், கக்குவான், இசிவு நோய், போலியோ ஆகியவற்றுக்கான மருந்துகளோடு ஒரே ஊசியில் கலந்து வருகிறது. மூன்றாவது கிருமியான நியூமோகாக்கஸுக்கு எதிரான நியூமோகாக்கல் தடுப்பூசி 4, 6ஆம் மாதங்களில் போடப்பட்டு, 12ஆம் மாதத்தில் ஊக்க ஊசியும் தரப்படுகிறது. இம்மூன்றும் தவிர, தட்டம்மை ஊசியில் சேர்ந்திருக்கும் பொன்னுக்குவீங்கி மருந்தும், அந்நோயால் வரக்கூடிய மூளையுறை அழற்சியைத் தடுக்கிறது என்பதைப் பலர் அறிவதில்லை.

தொற்றுநோய்ச் சட்டத்தின்படி தட்டம்மைக்கும் தொண்டை அடைப்பானுக்கும் மட்டுமே தடுப்பூசி கட்டாயம். ஹிப்பும் நியூமோகாக்கலும் பரிந்துரை என்ற நிலையில்தான் இருக்கின்றன. ஆனால் தொண்டை அடைப்பான் மருந்து இருக்கும் அதே ஊசியில் ஹிப்பும் இருப்பதால், சட்டத்துக்காகப் போட்டுக்கொள்ளும் குழந்தைக்கு இதுவும் கூடவே கிடைத்துவிடுகிறது. 2020 நவம்பர் 1 முதல், அட்டவணையிலுள்ள ஊசிகளைச் சிங்கப்பூர்க் குடிமக்களான பிள்ளைகளுக்குப் பலதுறை மருந்தகங்களிலும் சாஸ் எனப்படும் சமூக சுகாதார உதவித் திட்டத்தில் இணைந்த தனியார் மருந்தகங்களிலும் முழு மானியத்துடன் போடலாம். குடியுரிமை இல்லாத பிள்ளைகளின் பெற்றோர், முன்பதிவு செய்யும்போதே கட்டணத்தைக் கேட்டுக்கொள்வது நல்லது.

அட்டவணைக்கு வெளியே நிற்பது, மூளையுறை அழற்சியை உண்டாக்கும் இன்னொரு கிருமியான மெனிங்கோகாக்கஸுக்கு எதிரான மெனிங்கோகாக்கல் தடுப்பூசி. நியூமோகாக்கல், மெனிங்கோகாக்கல் என்று பெயர்கள் எதுகை போல ஒலிப்பதால், ஒன்றைப் போட்டுவிட்டு மற்றதையும் போட்டாயிற்று என்று நம்பிவிடுவது எளிது. குழந்தையின் சுகாதாரக் கையேட்டில் தடுப்பூசிப் பக்கத்தைத் திறந்து, தேதியும் முத்திரையும் எந்தப் பெயருக்கு நேரே இருக்கின்றன என்று ஒருமுறை விரல் வைத்துப் பாருங்கள். சிங்பாஸ் மின்னிலக்க அடையாளத்தின் வழியாக ஹெல்த்ஹப் செயலியிலும் அதே பதிவைக் காணலாம். மெனிங்கோகாக்கல் என்ற சொல் அங்கே இல்லையென்றால் அது விடுபட்ட ஊசி என்று பதற வேண்டாம். சிங்கப்பூரில் எல்லாக் குழந்தைகளுக்கும் அது போடப்படுவதில்லை; தொடக்கநிலை 5இலோ உயர்நிலை 1இலோ பள்ளியில் போடும் ஊசிகளிலும் அது இல்லை. தேவைப்படுவோர் சொந்தச் செலவில் போட்டுக்கொள்கிறார்கள்.

யாருக்குத் தேவை? மண்ணீரல் இல்லாதவர்களுக்கும், நோய் எதிர்ப்பாற்றலில் குறிப்பிட்ட சில குறைபாடுகள் உள்ளவர்களுக்கும் மருத்துவர்களே இதைப் பரிந்துரைப்பார்கள். அடுத்தவர்கள் பயணிகள். ஹஜ், உம்ரா செல்வோரிடம் இக்கிருமியின் ஏ, சி, டபிள்யூ, ஒய் என்ற நான்கு வகைகளுக்கு எதிரான தடுப்பூசிச் சான்றிதழைச் சவூதி அரேபியா கேட்கிறது. 2000ஆம் ஆண்டு ஹஜ்ஜின்போது டபிள்யூ வகை பரவி, திரும்பி வந்த பயணிகள் வழியாகப் பல நாடுகளை எட்டியது. சிங்கப்பூரும் அதற்குத் தப்பவில்லை. பள்ளி விடுமுறையில் குடும்பத்தோடு உம்ராவுக்குப் புறப்படுவோர், இந்த விதி ஒரு வயதைத் தாண்டிய பிள்ளைகளுக்கும் பொருந்தும் என்பதை மறந்துவிடக்கூடாது. அங்கே போய்ச் சேருவதற்குக் குறைந்தது 10 நாள்களுக்கு முன்பே ஊசி போட்டிருக்க வேண்டும் என்பதால், விமானச்சீட்டு வாங்கும் கையோடு மருந்தகத்தையும் அழைத்துவிடுவது மேல்.

வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களுக்குச் செல்லும் இளையர்களின் நிலை சற்று வேறுபட்டது. இக்கிருமி பலருடைய தொண்டையில் நோய் எதையும் காட்டாமல் தங்கியிருந்து, இருமல், முத்தம், நெருங்கிய வாழ்க்கை வழியாகப் பரவுவது. மாணவர் விடுதிக்குப் புதிதாகக் குடிபோகும் பதினெட்டு, பத்தொன்பது வயதினரை அது எளிதில் பற்றுவதற்குக் காரணம் இதுவே. அமெரிக்காவில் சில மாநிலங்கள் சேர்க்கையின்போதே சான்று கேட்கின்றன. பிரிட்டனில் பதின்ம வயதினருக்கு நால்வகை ஊசியும், 2015 முதல் கைக்குழந்தைகளுக்கு பி வகை ஊசியும் வழக்கமாகவே போடப்படுகின்றன. பி வகைக்கு எதிரான மருந்து நால்வகை ஊசியில் இல்லை, அது தனி ஊசி என்பதால், எந்த வகையைக் கேட்கிறார்கள் என்று பல்கலைக்கழகத்தின் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு மருத்துவரிடம் பேசுங்கள். உம்ராவுக்கென்று நால்வகை ஊசி போட்டிருந்தாலும் பி வகை மிச்சமிருக்கும்.

எந்த ஊசி போட்டிருந்தாலும், கைக்குழந்தைக்குக் காய்ச்சலோடு உச்சிக்குழி புடைத்திருந்தாலோ, பால் குடிக்க மறுத்துச் சுருண்டு கிடந்தாலோ உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டு செல்ல வேண்டும். பெரியவர்களிடம் தெரியும் கழுத்து விறைப்பு குழந்தைகளிடம் தெரியாமலும் போகலாம். உடலில் செந்நிறப் புள்ளிகள் தோன்றினால் கண்ணாடிக் குவளையின் பக்கத்தை அதன்மேல் அழுத்திப் பாருங்கள். அழுத்தியும் நிறம் மறையாத புள்ளிகள் என்றால் மருந்தகத்தில் முன்பதிவுக்காகக் காத்திருக்க நேரமில்லை.