கிராம சபையில் கையெழுத்துப் போடுவதற்கு முன்

நான் போயிருந்த ஒரு கிராம சபையில், தங்கள் தெருவுக்கு மூன்று மாதமாகக் குழாய்த் தண்ணீர் வரவில்லை என்று ஒரு பாட்டி எழுந்து சொன்னார். கூட்டமே ஆமாம் என்றது. பிறகு தீர்மானப் புத்தகத்தைப் புரட்டினால், "குடிநீர் குறித்து விவாதிக்கப்பட்டது" என்று ஒற்றை வரி. பாட்டியின் கைநாட்டை நாற்காலியில் உட்காரும்போதே வாங்கியிருந்தார்கள். அந்த ஒற்றை வரியை வைத்துக்கொண்டு எந்த அலுவலகத்திலும் எதையும் கேட்க முடியாது.

கிராம சபையில் பேசித் தீர்மானம் போடுவது தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், 1994 கொடுத்த உரிமை. 2022 முதல் ஆண்டுக்கு ஆறு கூட்டங்கள்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. தலைவரின் பதவிக்காலம் முடிந்து தனி அலுவலர் பொறுப்பில் இருந்தாலும் கூட்டம் உண்டு.

அந்த ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் இருப்பவர்தான் உறுப்பினர். திருமணமாகி வந்த பெண்கள் பலர் இங்கேதான் சிக்கிக்கொள்கிறார்கள். பெயர் இன்னும் பிறந்த ஊரில் இருக்கும். பத்து வருடம் இந்த ஊரில் தண்ணீர் சுமந்தவரை "நீ இந்த ஊர் இல்லை" என்று உட்கார வைத்துவிடுவார்கள். வாக்காளர் பட்டியலில் முகவரி மாற்றுவதற்கான படிவம் 8 கொடுத்து இப்போதே மாற்றிக்கொள்ளுங்கள்.

அடுத்தது ஆள் கணக்கு, அதாவது கூட்டம் செல்லுபடியாகக் குறைந்தது எத்தனை பேர் வேண்டும் என்பது. ஊரின் மக்கள்தொகை 500 வரை என்றால் 50 பேர், 3,000 வரை 100, 10,000 வரை 200, அதற்கு மேல் 300 பேர் வர வேண்டும். ஒரு தெருவின் குறைக்கு அந்தத் தெரு மட்டும் வந்தால் இந்தக் கணக்கு நிறையாது. சாக்கடைக்காக வருகிறவர்களும் பள்ளிக் கழிப்பறைக்காக வருகிறவர்களும் முந்தைய வாரமே பேசி, ஒருவர் கோரிக்கைக்கு மற்றவர் கை தூக்குவதாக முடிவு செய்துகொண்டு வாருங்கள். மகளிர் குழுக்கள் இதை நன்றாகச் செய்கின்றன.

தீர்மான வாசகத்தை நீங்களே எழுதி எடுத்துப் போங்கள். எந்தத் தெரு, என்ன வேலை, யார் செய்ய வேண்டும், எந்தத் தேதிக்குள் என்று நான்கும் இருக்கட்டும். இருபது பேர் கையெழுத்திட்டு ஊராட்சிச் செயலரிடம் முன்கூட்டியே கொடுத்து, நகலில் பெற்றுக்கொண்டதாக ஒப்பம் வாங்குங்கள். "பொருள் நிரலில் (கூட்டத்தில் பேச வேண்டியவற்றின் பட்டியலில்) இல்லை" என்ற பதிலுக்கு அதுதான் மருந்து. நெடுஞ்சாலை, மதுக்கடை, பஸ் போன்றவை ஊராட்சியின் கையில் இல்லை. அந்தத் தீர்மானங்களில் "இதன் நகல் உரிய துறைக்கும் மாவட்ட ஆட்சியருக்கும் அனுப்பப்பட வேண்டும்" என்ற வரி இல்லாவிட்டால், தீர்மானம் புத்தகத்தை விட்டு வெளியே போகாது.

"விவாதிக்கப்பட்டது" என்று எழுதினால் ஒத்துக்கொள்ளாதீர்கள். "தீர்மானிக்கப்பட்டது" என்று எழுதச் சொல்லி, உரக்கப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். கையெழுத்துக்கு மேலே வெற்றிடம் இருந்தால் கோடு போடச் சொல்லுங்கள்.

பிறகு தீர்மானத்தின் நகல் கேட்டால் செயலர் ஒன்றிய அலுவலகத்தைக் காட்டுவார், ஒன்றியத்தில் செயலரைக் காட்டுவார்கள். இரண்டு முறைக்கு மேல் நடக்காதீர்கள். வட்டார வளர்ச்சி அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு 10 ரூபாய் கட்டணத்துடன் தகவல் உரிமை மனு போட்டுவிடுங்கள். 30 நாளில் பதில் தந்தாக வேண்டும். நகலோடு திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க்கும் கூட்டத்துக்குப் பத்துப் பேராகப் போங்கள். ஊராட்சிகளின் ஆய்வாளர், அதாவது அவற்றை மேற்பார்வையிடுபவர், ஆட்சியர்தான். மனுவில் தீர்மான எண்ணும் தேதியும் இருக்க வேண்டும். கூட்டம் முடிந்து கலைவதற்கு முன்பே அவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள்.