ஐரோப்பாவுக்குச் சரக்கு அனுப்புகிறீர்களா? டிஜிட்டல் பொருள் பாஸ்போர்ட் பற்றி

கங்கைகொண்டான் சிப்காட்டில் செய்த டயரோ, நம் பக்கத்து யூனிட்டில் தைத்த ரெடிமேட் உடையோ, தூத்துக்குடியில் கன்டெய்னர் ஏறும்போது இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், ஷிப்பிங் பில் எல்லாம் கூடவே போகும். ஐரோப்பிய ஒன்றியத்துக்குப் போகும் பல சரக்குகளுக்கு இனி இன்னொன்றும் வேண்டும். அதுதான் டிஜிட்டல் பொருள் பாஸ்போர்ட்.

பொருளிலோ பெட்டியிலோ கூடவரும் தாளிலோ ஒரு க்யூஆர் கோடு இருக்கும். ஸ்கேன் செய்தால் அந்தப் பொருள் எதனால் ஆனது, யார் செய்தது, எப்படிப் பழுதுபார்ப்பது என்ற விவரம் வரும். எல்லாருக்கும் எல்லாமும் தெரியாது. வாங்குபவர், பழுதுபார்ப்பவர், சுங்க அதிகாரி என்று ஆளுக்குத் தகுந்த அளவுதான் திறக்கும். தொழில் ரகசியம் போய்விடுமோ என்று பயப்பட வேண்டாம்.

இதற்கான சட்டம் 2024 ஜூலை 18-ல் நடைமுறைக்கு வந்தது. ஆனால் எல்லாப் பொருளுக்கும் ஒரே நாளில் கட்டாயமாகாது. பொருளுக்குப் பொருள் தனி விதி வரும். விதி வந்த பிறகும் பொதுவாக 18 மாதமாவது அவகாசம் உண்டு. உடை, டயர், இரும்பு, அலுமினியம், மரச்சாமான், மெத்தை ஆகியவை முதல் வரிசையில் இருக்கின்றன. பேட்டரிக்குத் தனிச் சட்டம்: மின்வாகன பேட்டரிகளுக்கும் 2 கிலோவாட் மணிக்கு மேற்பட்ட தொழிற்சாலை பேட்டரிகளுக்கும் 2027 பிப்ரவரி 18 முதல் பாஸ்போர்ட் கட்டாயம். கருப்பட்டி, வாழைப்பழம் அனுப்புகிறவர்களுக்கு இந்தக் கவலை இல்லை. உணவுப்பொருள் இதில் வராது.

பாஸ்போர்ட் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டியது அங்குள்ள இறக்குமதியாளரின் பொறுப்பு. அதனால் அவர் நம்மிடம்தான் கேட்பார். பொருளின் அடையாள எண்ணை ஐரோப்பிய ஒன்றியத்தின் பதிவேட்டில் ஏற்ற வேண்டும். முழு விவரமும் அங்கே போகாது. அது நிறுவனத்திடமோ அதற்கான சேவை நிறுவனத்திடமோ இருக்கும். நிறுவனமே மூடிப்போனாலும் விவரம் அழியக்கூடாது என்பதற்காக வெளியே ஒரு நகலும் வைக்கச் சொல்கிறது சட்டம். பதிவு எண்ணும், சரக்கு என்ன வகை என்று காட்டும் எண்ணான சரக்குக் கோடும் (எச்எஸ் கோடு) பொருந்தாவிட்டால் அங்குள்ள சுங்கத்தில் சரக்கு நின்றுவிடும்.

சிக்கல் வரும் இடம் இந்தச் சரக்குக் கோடுதான். நம் ஷிப்பிங் பில்லில் 8 இலக்கம், அங்கே இறக்குமதிக்கு 10 இலக்கம். முதல் 6 இலக்கம் இரண்டுக்கும் பொது. அந்த 6 இலக்கமே மாறிப்போனால் பின்னால் எதுவும் ஒட்டாது. ஆர்டர் எடுக்கும்போதே அங்கே எந்தச் சரக்குக் கோடு என்று வாங்குபவரிடம் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

அப்புறம், லாட் நம்பர், அதாவது ஒரே தடவையில் சேர்த்துச் செய்த சரக்குக்கு நாம் போடும் எண். நூல் எந்த மில், சாயம் எங்கே, தைத்தது எப்போது என்பதை வேலை நடக்கிற அன்றே அந்த லாட் நம்பரோடு எழுதி வைத்துவிடுங்கள். கப்பல் தேதிக்கு முந்தின நாள் சாயப்பட்டறைக்குப் போன் போட்டு மூன்று மாதத்துக்கு முந்தைய ரசாயன விவரம் கேட்டால் யாரிடமும் இருக்காது. இரண்டு லாட்டை ஒரே பெட்டியில் கலந்தால், எந்த உடை எந்த லாட் என்று பேக்கிங் லிஸ்டிலேயே பிரித்துக் காட்டுங்கள்.