வாத்து ஏன் இப்போது விழ மறுக்கிறது?

பரணிலிருந்து பழைய டிவி கேமை இறக்கி, தூசி தட்டி, சுவரில் மாட்டியிருக்கும் எல்இடி டிவியில் மஞ்சள் வெள்ளை வயர்களைச் செருகினால் மரியோ ஓடுவார், கான்ட்ராவும் ஓடும். வாத்து சுடும் ஆட்டம் மட்டும் படுத்துவிடும். எவ்வளவு நேராகக் குறி வைத்தாலும் ஒரு வாத்துகூட விழாது. புல்லுக்குள்ளிருந்து எழும் நாய் சிரித்துவிட்டுப் போகும். துப்பாக்கி கெட்டுவிட்டது என்று தூக்கிப் போடுகிறவர்கள் உண்டு. பெரும்பாலும் துப்பாக்கியில் கோளாறே இருக்காது. அந்த ஆட்டத்தில் பாதி கேசட்டில் இருந்தது, மறு பாதி டப்பா டிவியின் பிக்சர் ட்யூபில் இருந்தது.

ஜப்பானின் நிண்டெண்டோ நிறுவனம் 1984-இல் வெளியிட்ட 'டக் ஹன்ட்'தான் அந்த வாத்து ஆட்டம்; அதன் துப்பாக்கி எதையும் சுடுவதில்லை. குழலின் முனையில் ஒரு சிறு லென்ஸ், அதன் பின்னால் வெளிச்சத்தை உணரும் ஒரு சில்லு, அவ்வளவுதான். அது ஒரு கண். விசையை அழுத்தியதும் ஆட்டம் ஒரு ஃபிரேமுக்கு, அதாவது டிவி ஒருமுறை படம் வரையும் நேரத்துக்கு, திரை முழுவதையும் கறுப்பாக்குகிறது. அடுத்த ஃபிரேமில் வாத்து இருந்த இடத்தில் மட்டும் ஒரு வெள்ளைச் சதுரம். திரையில் இரண்டு வாத்து இருந்தால் இரண்டாவதற்கான சதுரம் அதற்கும் அடுத்த ஃபிரேமில் வரும். ஒரு ஃபிரேம் என்பது நொடியில் அறுபதில் ஒரு பங்கோ ஐம்பதில் ஒரு பங்கோதான். நம் கண்ணுக்கு அது ஒரு மினுக்கலாக மட்டும் தெரியும். எந்த ஃபிரேமில் துப்பாக்கி வெளிச்சத்தைப் பார்த்தது என்பதை வைத்து எந்த வாத்து விழுந்தது என்று ஆட்டம் முடிவு செய்கிறது.

முதலில் வரும் கறுப்பு ஃபிரேம் திருட்டாட்டத்துக்கான பொறி. துப்பாக்கியைக் குண்டு பல்பை நோக்கிப் பிடித்தால் கறுப்பு ஃபிரேமிலும் வெளிச்சம் தெரியும். உடனே அந்தச் சூடு செல்லாது. அசல் துப்பாக்கியில் இன்னொரு வடிகட்டியும் உண்டு. பிக்சர் ட்யூபில் எலக்ட்ரான் கற்றை திரையை வரிவரியாக வரைகிறது. நம் ஊர் டிவிகளின் 'பால்' (PAL) ஒளிபரப்பு முறையில் அது நொடிக்கு 15,625 வரி. லென்ஸுக்குள் தெரியும் சின்ன வட்டத்தில் வெளிச்சம் ஒவ்வொரு வரிக்கும் ஒருமுறை துடிக்கும். துப்பாக்கியின் சுற்று அந்தத் துடிப்பை ஒட்டிய அலைவரிசைக்குத்தான் காது கொடுக்கும். ஜன்னல் வெயிலையும் டியூப்லைட்டையும் கண்டுகொள்ளாது. நிண்டெண்டோவைப் பார்த்து மற்றவர்கள் செய்த மலிவான நகல் துப்பாக்கிகள் பலவற்றில் இந்த வடிகட்டியை விட்டுவிட்டார்கள்.

இப்போது எல்இடி டிவியைப் பாருங்கள். அதன் பின்விளக்கு வரிவரியாகத் துடிப்பதில்லை. அசல் துப்பாக்கிக்கு அங்கே திரை இருப்பதே தெரியாது. வடிகட்டி இல்லாத நகல் துப்பாக்கிக்கு வெளிச்சம் தெரியும், ஆனால் தாமதமாகத் தெரியும். உள்ளே வரும் படத்தை டிவி முதலில் நினைவகத்தில் வாங்கிப் பெரிதாக்கி, அதன் பிறகுதான் காட்டுகிறது. அதற்குள் ஒன்றிரண்டு ஃபிரேமோ அதற்கு மேலோ ஓடிவிடும். வெள்ளைச் சதுரம் திரைக்கு வந்து சேரும்போது ஆட்டம் பார்த்து முடித்து, 'தப்பியது' என்று எழுதிவிட்டிருக்கும். பழைய ட்யூப் டிவிகளிலும் 100 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 100 முறை படம் வரைவது) என்று போட்டு விற்றவை இதே காரணத்தால் ஒத்துவராது. அவையும் படத்தைச் சேமித்துத் திரும்ப வரைபவை. எல்இடி டிவியின் அமைப்புகளில் இருக்கும் கேம் மோடு தாமதத்தைக் குறைக்கும், அடியோடு போக்காது. எல்இடியில் சுட்டே தீர வேண்டுமென்றால் ஆட்டத்தின் நிரலில் காத்திருக்கும் நேரத்தையும் மாற்ற வேண்டும், துப்பாக்கியின் சுற்றையும் மாற்ற வேண்டும். அதைவிடச் சாதாரண 50 ஹெர்ட்ஸ் ட்யூப் டிவி ஒன்றைத் தேடிப் பிடிப்பது எளிது. அதில் பிரைட்னஸைக் கூட்டி, லென்ஸைத் துடைத்து, ஒன்றரை மீட்டர் தள்ளி நின்று சுடுங்கள்.

(ஒற்றை வாத்து ஆட்டத்தில் முதல் பிளேயரின் ரிமோட்டைச் செருகி வைத்தால் அதை வைத்து வாத்தையே ஓட்டலாம். அண்ணன் சுடும்போது தம்பி பழி வாங்குவதற்காகவே வைத்த வசதி போலிருக்கிறது.)

சுடுவதை விட்டு மரியோவுக்கு வந்தால் வேறொரு குழப்பம். கணினியில் எமுலேட்டர் (பழைய செட்டைப் போலவே இயங்கும் மென்பொருள்) போட்டு ஆடுகிறவர்கள் 'பாட்டு ஏதோ அவசரமாக ஓடுகிறதே' என்கிறார்கள். வயதாகிவிட்டதால் வரும் பிரமை அல்ல, நிஜமாகவே வேகம் வேறுதான்.

ஜப்பானிலும் அமெரிக்காவிலும் டிவி நொடிக்கு 60 ஃபிரேம் காட்டும். இந்தியாவிலும் இலங்கையிலும் 50. இந்த ஆட்டங்கள் ஃபிரேமைத்தான் கடிகாரமாக வைத்திருக்கின்றன. ஒரு ஃபிரேமுக்கு ஒரு அடி, ஒரு ஃபிரேமுக்கு இசையில் ஒரு நகர்வு. சூப்பர் மரியோவில் மேலே குறையும் நேரத்தில் ஒரு எண் குறைய 24 ஃபிரேம் ஆகும். 400-இல் தொடங்கினால் 60 ஹெர்ட்ஸில் 160 நொடியில் தீரும். 50 ஹெர்ட்ஸில் 192 நொடி. ஒரே சுற்றில் அரை நிமிடத்துக்கு மேல் வித்தியாசம். நிண்டெண்டோ ஐரோப்பாவுக்கென்று விற்ற மரியோவில் இதை உணர்ந்து வேகத்தைச் சரிக்கட்டியிருந்தது. நம் வீடுகளுக்கு வந்த நகல் கேசட்டுகளில் இருந்ததோ பெரும்பாலும் ஜப்பானிய, அமெரிக்க நிரல்.

60 ஹெர்ட்ஸுக்கு எழுதிய நிரல் 50 ஹெர்ட்ஸ் டிவியில் உடையாமல் ஓடியதற்குத் தைவானின் யுஎம்சி நிறுவனத்தின் நகல் சில்லுகள் காரணம். யுஏ6527பி என்பது மூளை, யுஏ6538 என்பது படம் வரைவது. பின்னாளில் இரண்டும் ஒரே சில்லாகி, பலகையில் கறுப்புத் தார்ப்பொட்டுக்கு அடியில் போய்விட்டன. பால் முறையில் ஃபிரேமுக்கு 312 வரி, அமெரிக்க முறையில் 262. கூடுதலான 50 வரியையும் யுஎம்சி பொறியாளர்கள் படம் முடிந்த உடனே வெற்றாகக் கழியவிட்டார்கள். அதன் பிறகே 'அடுத்த ஃபிரேம்' என்ற மணியை அடித்தார்கள். அதனால் மணிக்குப் பின் நிரலுக்குக் கிடைக்கும் அவகாசம் அசலில் இருந்த அதே 20 வரிதான். மூளையின் கடிகாரமும் அசலின் 1.79 மெகாஹெர்ட்ஸுக்குப் பக்கத்தில், 1.77-இல் ஓடியது. ஒலியின் உயரம் அந்தக் கடிகாரத்திலிருந்துதான் பிறக்கிறது. ஆகவே நாம் கேட்ட மரியோ பாட்டு சுருதி இறங்காமல், காலப்பிரமாணம் மட்டும் தளர்ந்த பாட்டு.

அதே தளர்வு வேண்டுமென்றால் மெசென் போன்ற எமுலேட்டரில் ரீஜன் அமைப்பை 'டெண்டி' என்று மாற்றுங்கள். 1992 முதல் ரஷ்யாவில் விற்ற நகல் செட்டின் பெயர் அது. உள்ளே இதே வகைச் சில்லு. 'பால்' என்பதைத் தேர்ந்தெடுத்தால் அசல் ஐரோப்பிய இயந்திரத்தின் 1.66 மெகாஹெர்ட்ஸ் கடிகாரம் வந்து, சுருதியும் அரைக் கட்டைக்கு மேல் இறங்கிவிடும். திரை 60 ஹெர்ட்ஸில் இருந்தால் ஐந்து ஃபிரேமுக்கு ஒன்று இரண்டு முறை காட்டப்பட்டு, ஓட்டத்தில் திக்கல் தெரியும். திரையையும் 50 அல்லது 100 ஹெர்ட்ஸுக்கு மாற்றினால் போய்விடும்.

கடைசியாக, கேசட்டில் ஊதுவது. ஊதியதால் வேலை செய்ததில்லை; கழற்றித் திரும்பச் செருகியதில் பின்கள் புதிய இடத்தில் உரசியதால் வேலை செய்தது. ஊதலில் போன எச்சில் ஈரம் பின்களைக் கறுக்கத்தான் வைத்தது. ஜப்பானிய வகைக் கேசட்டில் 60 பின். அவற்றில் நிரலுக்குத் தனிக் கம்பிகள், படத்துக்குத் தனிக் கம்பிகள். பாட்டு சரியாக வந்து, படம் மட்டும் எழுத்தும் கட்டமுமாகக் கந்தலானால் படக் கம்பிகளில் அழுக்கு. திரை ஒரே நிறத்தில் உறைந்து சத்தமும் இல்லையென்றால் முதலில் நிரல் கம்பிகளைச் சந்தேகியுங்கள். 90 சதவீதத்துக்கு மேற்பட்ட ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் பஞ்சுக் குச்சியை நனைத்து, பின் போகும் திசையிலேயே தேய்த்து, ஐந்து நிமிடம் உலர விட்டுச் செருகுங்கள். கறை விடாவிட்டால் பென்சில் ரப்பர் போதும். மை அழிக்கும் சொரசொரப்பான ரப்பர் பூச்சையே உரித்துவிடும்.

கரண்ட் கொடுப்பதற்கு முன் அடாப்டரைப் பாருங்கள். நகல் செட்டுகளில் சிலவற்றுக்கு நடுமுனை பிளஸ், சிலவற்றுக்கு மைனஸ். செட்டின் அடியில் போட்டிருக்கும் படத்தோடு ஒத்துப்பார்க்காமல் வேறு சாதனத்தின் 9 வோல்ட் அடாப்டரைச் செருக வேண்டாம்.