பிறழ்வு: அத்தையின் ரிப்போர்ட்டில் இருந்த சொல்

குடியாத்தத்தில் இருக்கும் என் அத்தைக்குச் சினைப்பையில் புற்றுநோய். வேலூரில் எடுத்த மரபணுப் பரிசோதனையின் ரிப்போர்ட்டில் ‘மியூட்டேஷன்’ என்று இருந்தது. "இன்னாப்பா இது, பட்டா மாத்தும்போது தாலுகா ஆபீசுல சொன்ன வார்த்தையாச்சே?" என்றார்.

அதே வார்த்தைதான். மாறுவதைக் குறிக்கும் லத்தீன் சொல் இரண்டுக்கும் வேர். நிலத்துக்குப் பெயர் மாறுகிறது, மரபணுவில் (டி.என்.ஏ.வில் எழுதிய குறிப்பில்) எழுத்து மாறுகிறது. டச்சுத் தாவரவியலாளர் ஹியூகோ டி விரீஸ் 1901இல் வெளியிட்ட நூலில், செடிகளில் திடீரென்று தோன்றும் புதுப் பண்புகளை இச்சொல்லால் விளக்கினார். இதைத் தமிழில் எப்படிச் சொல்வது? நம் பாடநூல்கள் சொல்லும் ‘சடுதிமாற்றம்’ அந்தத் திடீரைத்தான் பிடித்துக்கொள்கிறது. ஆனால் புற்றுநோய் ஒரே நாளில் வருவதில்லை. பல வருடங்களாகப் பழுதுகள் சேர்ந்து வருகிறது. ‘மரபணு மாற்றம்’ என்றால் ஆய்வகத்தில் மரபணுவை மாற்றி உருவாக்கிய பி.டி. பருத்தி நினைவுக்கு வரும். இலங்கையில் ‘விகாரம்’ என்கிறார்கள். நம் பக்கம் அது அவலட்சணத்தைக் குறிக்கும் சொல், நோயாளியிடம் சொல்ல எனக்கு வாய் வராது.

என் தேர்வு ‘பிறழ்வு’. கோர்ட்டில் பிறழ்சாட்சி என்கிறோமே, ஆள் அதே ஆள்தான், கூண்டில் ஏறியதும் பேச்சு மாறிவிடுகிறது. அத்தையிடம் பிறழ்ந்திருப்பது பி.ஆர்.சி.ஏ.1. 17ஆம் குரோமோசோமில் உள்ள இந்த மரபணுவை 1994இல் பிரித்தறிந்தார்கள். அறுந்த டி.என்.ஏ. இழையைச் சரிசெய்யும் புரதம் இதிலிருந்துதான் உருவாகிறது. ஓர் எழுத்து பிறழ்ந்தால்கூட அந்த வேலை நின்றுபோகலாம். பொதுவாக 100 பெண்களில் ஒருவருக்குச் சற்று அதிகமாக வரும் சினைப்பைப் புற்று, இந்தப் பிறழ்வு உள்ள 100 பெண்களில் ஏறத்தாழ 40 பேருக்கு வருகிறது.

எல்லாப் பிறழ்வும் பிறவியில் வருவதில்லை. சினைப்பைக் கட்டிகளில் மிகுதியாகக் காணப்படும் டிபி53 என்ற மரபணுவின் பிறழ்வு பெரும்பாலும் வாழ்நாளில், அந்தச் செல்லுக்குள்ளேயே நேர்வது. அது பிள்ளைகளுக்குப் போகாது.

"நான் இன்னா தப்பு பண்ணேன்?" என்று அத்தை அழுதார். ஒன்றுமே இல்லை அத்தை, கருவிலேயே வந்த எழுத்து அது.

அப்புறம் அவர் மகன், "ஆம்பளைக்கு எதுக்கு டெஸ்ட்?" என்றான். ஆணோ பெண்ணோ, ஒவ்வொரு பிள்ளைக்கும் இது வர பாதிக்குப் பாதி வாய்ப்பு. அவனுக்கு இரண்டு பெண் குழந்தைகள். மறுவாரமே ரத்தம் கொடுத்துவிட்டு வந்தான்.