600 கிலோ கார் டிராக்கில் இறங்கும் முன்

பாகங்களாக வாங்கி நாமே பூட்டி ஓட்டுகிற காருக்கு கிட் கார் என்று பெயர். இந்த வகையை உலகறியச் செய்தது, லோட்டஸ் நிறுவனர் காலின் சாப்மன் 1957-இல் கொண்டுவந்த லோட்டஸ் 7. அன்றைய பிரிட்டனில் முழுக் காருக்குக் கட்டவேண்டிய கொள்முதல் வரி, பாகங்களாக வாங்கினால் கிடையாது. பலர் ஸ்பேனரைக் கையில் எடுத்ததற்கு அதுவும் ஒரு காரணம். 1973-இல் அந்த வரி முறையே மாறியது. அதே ஆண்டு லோட்டஸ் 7-ஐத் தயாரிக்கும் உரிமை கேட்டர்ஹாம் என்ற நிறுவனத்துக்குப் போனது. குழாய்ச் சட்டகம், மெல்லிய தகடு, முன்னால் எஞ்சின், பின்சக்கர இழுவை என்ற அதே வடிவத்தில் இன்றும் எத்தனையோ கார்கள் உருவாகின்றன. ஓட்டுபவரையும் சேர்த்தே 600 கிலோ அளவில் நிற்கும் கார்கள் அவை.

இப்படி ஒரு காரைக் கட்டி முடித்தவருக்கு அடுத்த ஆசை டிராக் டே. அது பந்தயம் அல்ல. நேரக் கணக்கு கிடையாது, பரிசு கிடையாது. மூடிய ஓடுதளத்தில் சில நிமிடங்கள் ஓட்டி, இறங்கி, காரைப் பார்த்து, மறுபடி ஓட்டுவதுதான். ஆனால் சாலை ஒருபோதும் கேட்காத கேள்விகளை டிராக் கேட்கும். பெரிய நிறுவனத்தின் காரை விற்பனைக்கு விடுமுன் பொறியாளர்கள் மாதக்கணக்கில் வாட்டி எடுத்திருப்பார்கள். கிட் காரை அப்படிச் சோதித்தவர் யாரும் இல்லை. முதல் டிராக் டேதான் அதன் உண்மையான சோதனை. எனவே எஞ்சினுக்குக் கூடுதல் சக்தி தேடும் வேலையை ஒத்திவைத்துவிட்டு, வெப்பமும் பக்கவாட்டு விசையும் எங்கே போய்ச் சேரும் என்று யோசிப்பதுதான் சரியான தயாரிப்பு.

பிரேக்கிலிருந்து தொடங்குவோம். மணிக்கு 160 கி.மீ. வேகத்தில் வரும் 600 கிலோ காரை ஒரு வளைவுக்காக 60-க்குக் குறைக்கிறோம் என்று வையுங்கள். இயக்க ஆற்றலில் சுமார் 5 லட்சம் ஜூல் போயாக வேண்டும். அதில் பெரும்பகுதி பிரேக்கில்தான் வெப்பமாகிறது. முன் பிரேக்குகள் அதில் 70 சதவீதத்தை வாங்கிக்கொள்கின்றன, ஒவ்வொரு முன் டிஸ்க்கும் (சக்கரத்தோடு சுழலும் பிரேக் தட்டு) 4 கிலோ வார்ப்பிரும்பு என்று கொண்டால், ஒரே ஒரு முறை பிரேக் போட்டதில் அவற்றின் வெப்பநிலை 95 டிகிரி அளவுக்கு ஏறும். அது ஆறுவதற்குள் அடுத்த வளைவு வந்துவிடும். 1,500 கிலோ காருக்கு இதே வேலையில் இரண்டரை மடங்கு வெப்பம் பிறக்கும். லேசான காரின் மிகப் பெரிய வரம் இதுதான்: பிரேக், டயர் எல்லாம் நிதானமாகத் தேயும்.

ஆனால் இந்த வரத்துக்குள்ளேயே ஒரு சிக்கல் இருக்கிறது. டிராக் என்றதும் பலர் பந்தய பிரேக் பேட் (டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் கட்டை) வாங்கிப் போடுகிறார்கள். கனமான பந்தயக் கார்களுக்கான பேட்கள் பல, நன்றாகச் சூடேறிய பிறகுதான் முழுமையாகப் பிடிக்கும். 600 கிலோ கார் அந்தச் சூட்டை எட்டாமலே போகலாம். போதாததற்கு இந்த வகைக் கார்கள் பலவற்றில் பிரேக் பூஸ்டர் இருக்காது. மிதிக்கிற பலம் முழுவதும் காலிலிருந்தே வர வேண்டும். பூஸ்டர் இல்லை, பேட் சூடேறவில்லை என்றால் முதல் வளைவிலேயே கார் நிற்க மறுக்கும். குளிர்ந்த நிலையிலும் கவ்வுகிற, கொஞ்சம் கூடுதல் சூட்டையும் தாங்குகிற இடைத்தர பேட்தான் முதல் நாளுக்குப் பொருத்தம்.

பேட்டைவிட முக்கியம் பிரேக் ஆயில். பேருக்குத்தான் ஆயில்; வழக்கமாக நாம் பயன்படுத்துவது காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும் கிளைக்கால் ஈதர் வகைத் திரவம். டாட் 4 தரத்தின்படி புதிய திரவம் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது. ஈரம் ஏறிய பிறகு அந்த வரம்பு 155 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. டாட் 5.1 தரத்துக்கு இதே எண்கள் 260, 180. பேட்டை டிஸ்க்கில் அழுத்தும் பாகமான காலிப்பருக்குள் திரவம் கொதித்தால் நீராவிக் குமிழ்கள் உண்டாகும். திரவத்தை அமுக்க முடியாது, குமிழை அமுக்க முடியும். மிதி தரை வரைக்கும் போகும், பேட் டிஸ்க்கை அழுத்தவே அழுத்தாது. காரைக் கட்டி முடிக்க ஓரிரு ஆண்டுகள் ஆகியிருந்தால், தொடக்கத்தில் ஊற்றிய திரவம் அந்தக் காலம் முழுக்க ஈரம் குடித்திருக்கும். டிராக்குக்குப் போகுமுன் புதிய டின் திறந்து, நான்கு சக்கரங்களிலும் பழையதை முழுவதும் வெளியேற்றி, காற்றுக் குமிழ் இல்லாமல் நிரப்புங்கள். செலவு குறைவு, பலன் மிகப் பெரிது.

அப்புறம் பிரேக் பலத்தின் முன்-பின் பங்கீடு. ஈர்ப்பு மையம் தரையிலிருந்து 40 செ.மீ. உயரத்திலும், முன்-பின் அச்சுகளுக்கு இடையே 2.25 மீட்டரும் இருந்தால், 1 ஜி அளவுக்கு (புவியீர்ப்புக்குச் சமமான அளவு) பிரேக் போடும்போது 107 கிலோ பளு பின்னாலிருந்து முன்னால் நகரும். நிற்கும்போது 300-300 என்று இருந்தது 407-193 ஆகிவிடும். வேறொரு காரிலிருந்து எடுத்த பிரேக் பாகங்கள் அந்தக் காரின் கணக்குக்கு அமைந்தவை, உங்கள் காரின் கணக்குக்கு அல்ல. பின்சக்கரம் முதலில் பூட்டிக்கொண்டால், அதாவது உருளாமல் சறுக்கினால், கார் சுழலும். காலியான, பாதுகாப்பான இடத்தில் குறைந்த வேகத்தில் பிரேக்கை அழுத்தி, முன்சக்கரம்தான் முதலில் பூட்டுகிறது என்று உறுதி செய்யாமல் டிராக்கில் இறங்கவே கூடாது.

அடுத்தது எஞ்சின் ஆயில். முதல் டிராக் டேயில் எஞ்சினைப் பறிகொடுக்க வைக்கக்கூடியது இது, ஆனாலும் பலர் நினைத்தே பார்க்காதது. வளைவில் 1 ஜி பக்கவாட்டு விசை வந்தால், எஞ்சினின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டியான சம்ப்புக்குள் இருக்கும் ஆயிலின் மேற்பரப்பு 45 டிகிரி சாய்ந்துவிடும். ஆயில் ஒரு சுவரோடு ஏறி நிற்கும். உறிஞ்சு குழாய் காற்றை இழுக்கும். நீண்ட வளைவில் இது ஓரிரு நொடி நீடித்தாலே போதும். எஞ்சினின் சுழல்தண்டைத் தாங்கும் கிராங்க் பேரிங்குகளை உலோகத்தோடு உலோகம் உரசாமல் காப்பது மெல்லிய ஆயில் படலம் மட்டுமே. அழுத்தம் விழுந்தால் படலம் அறும், பேரிங் தீயும். தாழ்வான கிட் காரில் தரையில் இடிக்காதிருக்க சம்ப்பை வெட்டி ஆழம் குறைப்பது வழக்கம் என்பதால் நிலைமை இன்னும் மோசம். சம்ப்புக்குள் தடுப்புத் தகடுகளும், ஆயிலை உறிஞ்சு குழாய்ப் பக்கம் மட்டும் விடுகிற சிறு கதவுகளும் பொருத்துவதே முறையான வழி. அழுத்தம் குறைந்தவுடன் கண்ணில் அடிக்கும்படி பெரிய எச்சரிக்கை விளக்கும் வேண்டும். வளைவில் அழுத்தமானியின் முள்ளைப் பார்த்துக்கொண்டிருக்க யாருக்கும் நேரம் இருக்காது. ஆயில் அளவு மேல்கோட்டிலேயே இருக்கட்டும். பெட்ரோல் டேங்க்கும் இதே விதிக்குக் கட்டுப்பட்டதுதான். கால் டேங்க்கோடு போனால் வளைவின் நடுவே எஞ்சின் திக்கும்.

குளிர்விப்பு விஷயத்தில் எடைக் குறைவு உங்களைக் காப்பாற்றாது. ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்திருக்கும்போது எஞ்சின் எவ்வளவு சக்தி தருகிறது என்பதுதான் வெப்பத்தின் கணக்கு. கார் 600 கிலோவா, 1,500 கிலோவா என்பது ரேடியேட்டருக்குத் தெரியாது. கைவேலைக் குழாயமைப்பில் எங்காவது மேடான வளைவு இருந்தால் அங்கே காற்று தேங்கி நீரோட்டத்தைத் தடுக்கும். நீர் நிரப்பும் தொட்டிதான் எல்லாவற்றிலும் உயரமாக இருக்க வேண்டும்.

இனி எனக்கு மிகவும் பிடித்த பகுதி: நான்கு சக்கரங்களின் எடை. 600-இல் ஓட்டுபவரின் 80 கிலோ என்பது 13 சதவீதம், அதுவும் ஒரே பக்கத்தில். 1,500 கிலோ காரில் இது 5 சதவீதம்தான். கால் ஒன்று குட்டையான மேசை எதிரெதிர் மூலைகளில் ஆடுவதைப்போல, ஸ்பிரிங் உயரம் சரியில்லாத காரில் ஒரு மூலைவிட்டத்தின் இரு சக்கரங்கள் அதிகம் சுமக்கும், மற்ற இரண்டும் குறைவாகச் சுமக்கும். அப்படிப்பட்ட கார் இடப்பக்கம் ஒரு மாதிரி திரும்பும், வலப்பக்கம் வேறு மாதிரி திரும்பும். பிரேக் போட்டால் லேசான முன்சக்கரம் சீக்கிரம் பூட்டிக்கொள்ளும். ஷாக் அப்சார்பரில் ஸ்பிரிங் அமர்ந்திருக்கும் வளையத்தைத் திருகி இதைச் சரிசெய்யலாம். அந்தத் திருகல் இடம்-வலம் மொத்தத்தையோ முன்-பின் மொத்தத்தையோ மாற்றாது. அவை பொருட்கள் எங்கே இருக்கின்றன என்பதைப் பொறுத்தவை. மாறுவது மூலைவிட்டப் பங்கீடு மட்டும். ஒவ்வொரு மூலைவிட்டமும் மொத்த எடையில் பாதியைச் சுமந்தால் நல்லது. நான்கு தராசுகள், சமமான தளம், இருக்கையில் ஆள் அல்லது அதே எடைக்கு மூட்டை, டேங்க்கில் பாதி பெட்ரோல், இடம்-வலம் சக்கரங்களின் சஸ்பென்ஷனை இணைக்கும் ஆன்ட்டி-ரோல் பார் கழற்றிய நிலை. இத்தனையும் இருந்தால் ஒரு பிற்பகலில் முடியும் வேலை. காரின் குணமே மாறிவிடும்.

டயர் காற்றும் அந்தக் காருக்கே உரிய கணக்கு. சக்கரத்துக்கு 150 கிலோ மட்டுமே சுமக்கும் டயருக்கு, சாதாரணக் காருக்கான 32 பிஎஸ்ஐ மிகவும் அதிகம். நடுப்பகுதி மட்டும் தரையைத் தொடும். 18 பிஎஸ்ஐ-யில் தொடங்குகிறோம் என்று வைப்போம். உள்ளே இருக்கும் காற்று 20 டிகிரியிலிருந்து 70 டிகிரிக்குச் சூடேறினால், வளிமண்டல அழுத்தத்தையும் சேர்த்துக் கணக்கிட, அளவி சுமார் 23.5 காட்டும். எனவே குளிர்ந்தபோது அளப்பதோடு நிறுத்தாமல், டிராக்கிலிருந்து வந்த கையோடு நான்கையும் அளந்து எழுதி வையுங்கள். கூடியதை அப்போதே குறைக்கலாம். வீட்டுக்குக் கிளம்புமுன் ஆறிய டயரில் மறுபடி நிரப்ப மறக்காதீர்கள்.

போல்டு, நட்டு விஷயம் அலுப்பாகத் தெரியும், ஆனால் சக்கரம் கழன்று ஓடுவதற்குக் காரணம் அதுதான். டார்க் ரெஞ்சில் நாம் கொடுக்கும் முறுக்கில் பத்தில் ஒரு பங்குதான் போல்டை இழுத்து இறுக்குகிறது, மீதி உராய்வுக்கே போகிறது. புதிய காரில் இணைப்புகளுக்கு நடுவே இருக்கும் பெயின்ட் நாளடைவில் நசுங்கும். நசுங்கிய அளவுக்கு இறுக்கம் போய்விடும். சஸ்பென்ஷன், ஸ்டீயரிங், இருக்கை, பெல்ட் போல்டுகள் அனைத்தையும் மறுபடி முறுக்கி, தலைமேல் குறுக்காக ஒரு பெயின்ட் கோடு போடுங்கள். கோடு விலகினால் தூரத்திலிருந்தே தெரியும். நைலான் வளையம் வைத்த பூட்டு நட்டு 120 டிகிரியைத் தாண்டினால் பிடிப்பை இழக்கும் என்பதால் பிரேக், சைலன்சர் பக்கம் உலோகப் பூட்டு நட்டுதான் வேண்டும்.

மற்றவை சுருக்கமாக: பேட்டரிக்கு உறுதியான பட்டி, இழுவைக் கொக்கி, கார் கவிழ்ந்தால் தலையைக் காக்கும், ஹெல்மெட்டைவிட உயரமான ரோல் பார், ஓடுதளத்தின் சத்த வரம்புக்குள் அடங்கும் சைலன்சர்.

அன்றைய நாளில் முதல் சில சுற்றுகளைப் பாதி வேகத்தில் ஓட்டி உள்ளே வாருங்கள். கசிவு, ஆயில் அளவு, சக்கர நட்டு, பெயின்ட் கோடு எல்லாவற்றையும் பார்த்த பிறகே வேகம் கூட்டுங்கள். ஆயில் விளக்கு எந்த வளைவிலாவது ஒரு முறை மின்னினாலும் அன்றைக்கு அத்துடன் நிறுத்துவதே என் கணிப்பில் சரி. ஒவ்வொரு முறையும் கடைசிச் சுற்றை பிரேக்கைத் தொடாத குறையாக மெதுவாக முடிக்க வேண்டும். ஓடும்போது டிஸ்க்கை ஆற்றிய காற்று நின்றதும் இல்லாமல் போய், சூடு பேட் வழியாகக் காலிப்பருக்கும் திரவத்துக்கும் ஏறும். நிறுத்திய பிறகு ஹேண்ட்பிரேக் போடாமல், கியரில் விட்டு, சக்கரத்துக்கு முட்டுக் கொடுங்கள்.