டைல்ஸ் துறையில் மேலாளராக நினைப்பவர்களுக்கு: சூளையைத் தெரிந்துகொள்ளுங்கள்

டைல்ஸ் நிறுவனத்துக்கு ஆள் எடுக்கும்போது நான் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "டைல்ஸ் பெட்டியின் பக்கவாட்டில் என்னென்ன அச்சிட்டிருக்கும்?" விற்பனையில் நாலைந்து வருடம் இருந்தவர்கள்கூட அளவு, டிசைன் பெயர், எத்தனை டைல்ஸ் என்று சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்கிறார்கள். ஷேடு எண்ணையும் (நிறச்சாயலைக் குறிப்பது) கேலிபரையும் (சூளையிலிருந்து வந்த டைல்ஸின் உண்மையான அளவைக் குறிப்பது) சொல்பவர் அபூர்வம். இந்தத் துறையில் பாதிச் சண்டைகள் அந்த இரண்டு எண்களில்தான் தொடங்குகின்றன.

கேலிபரை எடுத்துக்கொள்வோம். விட்ரிஃபைட் டைல்ஸ், அதாவது கண்ணாடிபோல இறுகி நீரை மிகக் குறைவாக உறிஞ்சும் வகை, சுமார் 1200 டிகிரி செல்சியஸில் வேகிறது. வேகும்போது ஏறக்குறைய 7, 8 சதவீதம் சுருங்கும். அதாவது 600 மில்லிமீட்டர் டைல்ஸ் வேண்டுமென்றால் பிரஸ்ஸில் 650 மில்லிமீட்டர் அளவில் அழுத்த வேண்டும். பவுடரின் ஈரப்பதமோ, அழுத்தமோ, சூளையின் வெப்பமோ லேசாக மாறினாலும் ஒரு மில்லிமீட்டர் கூடும், குறையும். அதனால்தான் அளவு பார்த்துப் பிரித்து, கேலிபர் எண் போட்டு அடைக்கிறார்கள். இரண்டு கேலிபர் பெட்டிகளைக் கலந்து ஒரே ஹாலில் பதித்தால் இணைப்புக் கோடு நேராக வரவே வராது. ஷேடும் அப்படித்தான். அதே டிசைன், அதே மை, ஆனால் அடுத்த மாதம் ஓட்டிய பேட்ச் முந்தையதோடு ஒத்துப்போகும் என்று யாராலும் உறுதி தர முடியாது. "பத்து பெட்டி குறைகிறது, அனுப்பிவிடுங்கள்" என்று டீலர் கேட்டதும் "சரி, நாளைக்கே வந்துவிடும்" என்று வாக்குக் கொடுக்கும் விற்பனை மேலாளர், இது தெரியாமல்தான் மாட்டிக்கொள்கிறார்.

அடுத்து, டைல்ஸ் உருளைகள் மேல் நகர்ந்தபடியே வேகும் ரோலர் சூளை இரவு பகலாக ஓடிக்கொண்டே இருக்கும். நிறுத்திக் குளிரவைத்து மறுபடி சூடேற்ற நாட்கள் ஆகும், எரிபொருள் வீணாகும். ஆகவே ஆர்டர் இருக்கிறதோ இல்லையோ, சரக்கு வெளியே வந்துகொண்டேயிருக்கும். கிடங்கு நிரம்பியதும் கணக்கு முடிக்கும் மாதத்தில் டீலர் தலையில் சரக்கைக் கட்டும் பழக்கம் இப்படித்தான் வருகிறது. இதைச் செய்து ஒரு பதவி உயர்வு வாங்கிவிடலாம், மறுக்கவில்லை. அடுத்த காலாண்டில் பணம் வராது, சரக்கு திரும்பி வரும், அப்போது வசூலுக்கு அலைவதும் சரக்கைக் கட்டிய அந்த மேலாளரேதான். எந்த அளவு எத்தனை நாள் ஓட வேண்டும், எதை நிறுத்த வேண்டும் என்று உற்பத்தித் திட்டக் கூட்டத்தில் சந்தை நிலவரத்தை வைத்து வாதாடத் தெரிந்தவர்தான் மேலே போகிறார். சூளை மொழியும் சந்தை மொழியும் சேர்ந்து தெரிந்த ஆட்கள் மிகக் குறைவு.

அதைக் கற்றுக்கொள்ளச் சிறந்த இடம் புகார்ப் பிரிவு. ஏனோ அதைத் தண்டனைப் பதவிபோல நினைக்கிறார்கள். நீளமான மரப்பலகை டிசைன் டைல்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். "விளிம்பு தட்டுகிறது, சரக்கு மோசம்" என்று புகார் வரும். போய்ப் பார்த்தால் செங்கல் அடுக்குவது போலப் பாதிக்குப் பாதி தள்ளிப் பதித்திருப்பார்கள். நீளமான டைல்ஸ் நடுவில் லேசாக வளைந்திருக்கும். தர அளவுகோலே அதற்கு ஒரு வரம்பு வரை இடம் தருகிறது. பாதியில் தள்ளினால் ஒன்றின் மேடான நடுப்பகுதி அடுத்ததன் தாழ்ந்த முனையோடு சேரும். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தள்ளாமல் பதித்தால் பெரும்பாலும் தெரியாது. இன்னொன்று, டைல்ஸ் தரையிலிருந்து பெயர்வது. டைல்ஸுக்கான சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ 13006-ல் நீர் உறிஞ்சல் 0.5 சதவீதத்துக்குள் உள்ளவை தனி வகை. விட்ரிஃபைட் அதில்தான் வரும். தண்ணீரையே அநேகமாக உறிஞ்சாத பரப்பு வெறும் சிமெண்ட் பாலை எப்படிப் பிடிக்கும்? பொருத்தமான பசை வேண்டும், டைல்ஸுக்கு நடுவே இடைவெளியும் வேண்டும். இதைப் பதிப்பவருக்கு உட்கார்ந்து விளக்கிய அதிகாரியை அவர் அடுத்த வேலைக்கும் கூப்பிடுவார்.

நிதி, ஏற்றுமதி, பிராண்ட் வேலை எல்லாம் அப்புறம் கற்றுக்கொள்ளலாம். அவற்றுக்குப் பாடம் எங்கும் கிடைக்கும்.

தூசியைப் பற்றியும் சொல்ல வேண்டும். உற்பத்திப் பக்கம் மேலாளராகப் போகிறவர்கள் எத்தனை சதவீத டைல்ஸ் நல்லதாகத் தேறியது என்று பார்க்கும் கண்ணால் இதையும் பார்க்க வேண்டும். மண், ஃபெல்ட்ஸ்பார் என்ற கனிமம் இவற்றோடு குவார்ட்ஸும், அதாவது படிகச் சிலிகாவும், சேர்ந்ததுதான் டைல்ஸ் பவுடர். நுரையீரலின் அடிவரை போகும் சிலிகாத் துகள் கண்ணுக்குத் தெரியாது. அந்தத் தூசியால் வரும் நுரையீரல் நோயான சிலிகோசிஸ் வந்துவிட்டால் குணப்படுத்த வழியில்லை. தொழிலிடங்களில் சுவாசிக்கும் படிகச் சிலிகாவைப் புற்றுநோய்க் காரணியாகச் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 1997-லேயே வகைப்படுத்திவிட்டது. வேலை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் ஆலையைச் சுற்றிப் பார்க்கக் கேளுங்கள். பிரஸ் பகுதியில் உலர்ந்த பவுடரைத் துடைப்பத்தால் கூட்டிக்கொண்டிருந்தால், தூசி உறிஞ்சும் குழாய்கள் வேலை செய்கின்றனவா, தொழிலாளர்களுக்கு நுரையீரல் பரிசோதனை கடைசியாக எப்போது நடந்தது என்று கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கும் இடத்தில் சம்பளம் எவ்வளவு என்றாலும் சேராதீர்கள்.